தங்கவயலின் தூளுக்கு யார் மூடி போடுவது?

கோலார் தங்கவயலில் சுரங்கங்களை 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய தூள் மட்டும் அங்கேயே கிடக்கிறது. 13 மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன், ஊரை ஒட்டியே. இந்த மேடுகளைக் கலைத்து, மிச்சமிருக்கும் தங்கத்தையும் எடுத்துவிடலாம் என்ற மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எவ்வளவு தங்கம் தேறும், யாருக்கு எவ்வளவு பங்கு என்றெல்லாம் பேச்சு நடக்கிறது. தங்கத்தை எடுத்த பிறகு அந்தத் தூள் எங்கே போகும், அதன்மேல் என்ன வளரும் என்று யாரும் பேசக் காணோம்.

இது பக்கத்து மாநில விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே ஆழ வெட்டத் தொடங்கியதிலிருந்து குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்துத் தமிழர்கள். அவர்களிலும் மிகுதியானோர் நிலமில்லாத தலித் குடும்பத்தினர். ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை பார்த்த இடம் அது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், ஆண்டர்சன்பேட்டை என்று தொழிலாளர் லைன் வீடுகளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னும் தமிழ் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வேலை மட்டும் அங்கே இல்லை. விடியுமுன் ரயில் ஏறி பெங்களூரு போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள்.

மலையில் இருப்பது என்ன?

ஊர்க்காரர்கள் அந்த மேடுகளை ‘சயனைடு மலை’ என்கிறார்கள். சினிமாக்காரர்களுக்கும் அந்த இடம் பிடித்துப்போய், ‘கேஜிஎஃப்’ படத்தின் காட்சிகளை அங்கே எடுத்தார்கள். வெளிறிய சாம்பல் நிறத்தில், புல் பூண்டு இல்லாமல், மழைநீர் அறுத்த வாய்க்கால்களோடு கிடக்கும் மேடு கேமராவுக்கு அழகாகத்தான் தெரியும். அதன் நிழலில் குடியிருப்பவர்களுக்கு அதில் அழகு ஒன்றும் இல்லை.

அந்த மண் வந்த வழி இதுதான். பாறையை வெட்டி மேலே கொண்டுவந்து, மில்லில் மாவுபோல அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். பிரித்தது போக மிஞ்சிய சேற்றைப் பக்கத்திலேயே கொட்டினார்கள். நூறாண்டுக்கு மேல் கொட்டியதில் சில மேடுகள் பத்து மாடி உயரத்துக்கு வந்துவிட்டன.

பெயரில் சயனைடு இருப்பதால் பயமும் அதன்மேலேயே நிற்கிறது. சுரங்கம் மூடும்வரை கழிவு கொட்டப்பட்ட கென்னடி லைன் மேட்டை பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். சயனைடு வெயிலிலும் காற்றிலும் சிதைந்து ஆவியாகப் போகக்கூடியது. அதன் பெரும்பகுதி அப்படித்தான் போயிருக்கிறது என்பது அவர்கள் கண்டது. ஆக, ஊரார் பயப்படும் பொருள் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

குறையாத பொருள்கள் வேறு. முதலாவது, சிலிக்கா. குழிக்குள் பாறையைத் துளைத்தவர்களின் நுரையீரலை அரித்தது இதே பொருள்தான். அடுத்தது, கந்தகம் கலந்த தாதுக்கள். இவை காற்றும் நீரும் பட்டால் அமிலமாக மாறக்கூடியவை. கூடவே ஆர்சனிக் கலந்த தாதுவும் தங்கப் பாறையோடு சேர்ந்து மேலே வந்தது. உலோகம் சிதையாது. நூறாண்டு போனாலும் இருந்த இடத்தில் இருக்கும், இல்லையென்றால் காற்றோடும் மழைநீரோடும் இடம் மாறும்.

ஜூன் தொடங்கித் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அது இடம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜன்னலைச் சாத்தினாலும் சமையல் பாத்திரத்தில் தூள் படியும். கொடியில் காயப்போட்ட துணியை உதறித்தான் மடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அந்தக் காற்றைத்தான் மூச்சில் இழுக்கிறது.

ஒரு டன்னில் ஒரு கிராம்கூட இல்லை

கலைத்துத் தங்கம் எடுத்தால் மலை காணாமல் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் தூளில் இருக்கும் தங்கம் ஒரு கிராமுக்கும் குறைவு. அதை எடுத்த பிறகு மிச்சம் கிட்டத்தட்ட அதே ஒரு டன். 3.3 கோடி டன்னைக் கலைத்தால் 3.3 கோடி டன்னையும் திரும்ப எங்கேயாவது கொட்டித்தான் ஆக வேண்டும். அதுவும் இன்னொரு முறை ரசாயனத்தில் ஊறிய ஈரச் சேறாக.

அதற்காகக் கலைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால், கலைப்பது ஒரு நல்ல வாய்ப்பு. செங்குத்தாக நிற்கும் மேட்டின் சரிவில் எதையும் நட முடியாது. விதை தங்காது, மழை அடித்துக்கொண்டு போகும். சரிவைக் குறைத்து, அடியில் கசிவு இறங்காமல் தடுப்புப் போட்டு, மேலே மண் பரப்ப வேண்டுமென்றால் பெரிய இயந்திரங்கள் வர வேண்டும். தங்கம் எடுக்க வருபவரிடம் அந்த இயந்திரங்கள் இருக்கும். அவர் வேலையை முடித்துக் கிளம்பிவிட்டால் பிறகு யார் கொண்டுவருவார்கள்?

செடியால் என்ன முடியும், என்ன முடியாது?

சுரங்க மண்ணைச் செடிகள் சரிசெய்யும் என்று எழுதுகிறவர்கள் பலரும் செடியை விஷம் உறிஞ்சும் மந்திரக்கோலாகக் காட்டுகிறார்கள். அப்படி உறிஞ்சும் செடிகள் இருப்பது உண்மைதான். பசிபிக்கில் உள்ள நியூ கலிடோனியா தீவில் ஒரு மரத்தைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். அதைக் காயவைத்தால் எடையில் கால்பங்கு நிக்கல். நம் ஊர்ப் பழைய கிணற்றுச் சுவர்களில் வளரும் ஒரு வகைப் பெரணி ஆர்சனிக்கை இலையில் சேர்த்துவைக்கும் என்று 2001-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் வேர் எத்தனை அடி இறங்கும்? மேலே உள்ள ஓரிரு மீட்டரைச் செடி உறிஞ்சலாம். பத்து மாடி உயரத் தூளை உறிஞ்ச முடியாது. அப்படி உறிஞ்சிய இலையை அறுத்து எங்கே போடுவது? அதுவே விஷக்கழிவு ஆகிவிடும். அந்தப் பெரணிக்கு ஈரமும் வேறு வேண்டும். கோலாரின் வறண்ட மேட்டில் அது ஒரு கோடையைத் தாண்டுவது கடினம்.

தங்கவயல் போன்ற இடத்தில் செடியைத் துடைப்பமாக நினைக்கக் கூடாது, மூடியாக நினைக்க வேண்டும். வேர் தூளைப் பிடித்துவைக்கும், இலை காற்றின் வேகத்தை உடைக்கும், விழுந்த சருகு மண்ணாகும். உலோகம் உள்ளேயே கிடக்கும், வெளியே வராது. கேட்க இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஜூலை மாதத்தில் ஜன்னலைத் திறந்துவைக்க முடிவது ஆண்டர்சன்பேட்டைக்காரருக்குச் சின்ன விஷயம் அல்ல.

ஆடு தின்னாத செடி வேண்டும்

எந்தச் செடி என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் கோட்டை விடுகின்றன. நர்சரியில் எது மலிவோ அதை வாங்கி நட்டுவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

டோனி பிராட்ஷா என்ற தாவரவியலாளரும் அவருடைய மாணவர்களும் பிரிட்டனில், வேல்ஸ் பகுதியின் பழைய ஈய, செம்புச் சுரங்கங்களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். கழிவுமேட்டின் மேல் வளரும் புல்லும், சில மீட்டர் தள்ளி மேய்ச்சல் நிலத்தில் வளரும் புல்லும் பார்வைக்கு ஒரே இனம். ஆனால் மேய்ச்சல் நிலத்துப் புல்லின் விதையைக் கழிவில் போட்டால் கருகிவிடும். மேட்டுப் புல்லின் விதை பிழைத்துக்கொள்ளும். சில தலைமுறைகளிலேயே அந்தப் புல் நஞ்சுக்குப் பழகிவிட்டிருந்தது. அந்த மேடுகளிலிருந்தே விதை எடுத்துப் பெருக்கி, ‘மெர்லின்’, ‘பேரிஸ்’ போன்ற பெயர்களில் சுரங்க நிலங்களுக்காகவே விற்றார்கள்.

நமக்கும் பாடம் அதுதான். முதலில் சயனைடு மலையின் அடிவாரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் எது அங்கே வேர் பிடித்திருக்கிறதோ, அதன் விதைதான் முதல் விதை. அறுகோ, நாணலோ, எருக்கோ, பெயர் தெரியாத ஒரு புல்லோ, எதுவானாலும் சரி.

அதோடு, அந்த வறண்ட மேட்டுநிலத்துக்கே உரிய புதர்களைச் சேர்க்கலாம். ஆவாரை, விராலி, கொழுஞ்சி. மூன்றும் கல்லும் முள்ளுமான இடத்தில் தாக்குப்பிடிப்பவை. கொழுஞ்சியைத் தழையுரமாக நம் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக மடக்கி உழுதுவந்திருக்கிறார்கள். அதன் வேர்முடிச்சு காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அரைத்துக் கொட்டிய கல்மாவில் தழைச்சத்து என்று எதுவுமே கிடையாது என்பதால் அங்கே அதற்குத்தான் முதல் இடம்.

ஆவாரைக்கும் விராலிக்கும் இன்னொரு தகுதி உண்டு. ஆடு அவற்றை அவ்வளவாகச் சீண்டாது. அதனால்தான் மானாவாரிக் காட்டில் அவை மிஞ்சி நிற்கின்றன. நஞ்சு கலந்த மண்ணில் இது மிகப் பெரிய தகுதி. ஆடு தின்றால் இலையில் ஏறிய உலோகம் பாலுக்கும் கறிக்கும் வரும். லைன் வீடுகளில் ஆடு வளர்ப்பவர்களுக்கு ‘மேட்டுப் பக்கம் ஓட்டாதே’ என்று பலகை வைப்பதைவிட, ஆட்டுக்குப் பிடிக்காத செடியை நடுவது பலன் தரும். பழமரமும் கீரையும் அந்த மேட்டில் கூடவே கூடாது.

வெட்டிவேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலகெங்கும் சுரங்கச் சரிவுகளைக் கட்ட நடப்படும் இந்தியப் புல் அது. வேர் செங்குத்தாக மூன்று மீட்டர்கூட இறங்கும். உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திவைக்கும், இலைக்கு அவ்வளவாக அனுப்பாது. எல்லாம் சரி. ஆனால் நாம் வெட்டிவேரைக் குடிதண்ணீர்ப் பானையில் போடுகிறவர்கள். அதன் வேருக்குச் சந்தையில் விலை உண்டு. மேட்டில் நட்ட வெட்டிவேரை இரவோடு இரவாகத் தோண்டி விற்றால் என்ன ஆகும்? சரிவும் குலையும், நஞ்சு யாரோ ஒருவரின் பானைக்குப் போகும். வெட்டிவேர் நடுவதென்றால் காவலும் சேர்த்து நட வேண்டும்; முடியாதென்றால் நாணலே போதும்.

சீமைக் கருவேலத்தை மட்டும் தயவுசெய்து யாரும் பரிந்துரைக்க வேண்டாம். சீக்கிரம் பசுமை காட்டும், உண்மை. அதன் காயை ஆடு மாடு விரும்பித் தின்று, சாணத்தோடு ஊரெங்கும் விதைக்கும். தைலமரத்தை வரிசையாக நட்டுவிட்டு ‘காடு வளர்த்தோம்’ என்று கணக்குக் காட்டுவதும் இதே ரகம்தான். அதனடியில் புல் முளைக்காது. புல் இல்லையென்றால் தூள் பறக்கும்.

ஜோகன்னஸ்பர்க் கற்றது

தங்கவயலுக்கு ஒரு பெரிய உடன்பிறப்பு தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் நகரைச் சுற்றி இதே தங்கக் கழிவு, இதே மேடுகள், காற்றுக்காலத்தில் இதே தூசி. 1970-களிலிருந்தே அங்கே பழைய மேடுகளைக் கலைத்து மறுபடி தங்கம் எடுக்கிறார்கள். எடுத்த பிறகு கழிவை ஊருக்கு வெளியே பெரிய தேக்கங்களில் கொட்டி, சரிவுகளில் புல் வளர்க்கிறார்கள்.

அங்கேயும் தொடக்கத்தில் சுண்ணாம்பு போட்டு, உரம் போட்டு, தண்ணீர் பாய்ச்சிப் புல் வளர்த்தார்கள். நன்றாக வந்தது. கவனிப்பு நின்ற இடங்களில் அடியிலிருந்து அமிலம் திரும்ப மேலேறி, புல் போய்விட்டது. பிறகுதான் அந்த மண்ணுக்கே உரிய மரங்களின்மேல் ஆய்வாளர்கள் கண் வைத்தார்கள். ஒரு மழைக்காலத்துப் பசுமையைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போகக்கூடாது என்பது அங்கே பணம் செலவழித்துக் கற்ற விஷயம். நாம் அதை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வேலை யாருக்கு?

ராஜஸ்தானின் ஜோத்பூர் கோட்டையடியில் 70 ஹெக்டேர் பாறைநிலத்தைச் சீமைக் கருவேலம் மூடிக்கிடந்தது. 2006-ல் அதை மீட்கத் தொடங்கியபோது, வேரைப் பாறைக்குள்ளிருந்து பெயர்த்தெடுக்க இயந்திரத்தால் முடியவில்லை. தலைமுறையாகக் கல்லுடைக்கும் சுரங்கத் தொழிலாளர்களை அழைத்தார்கள். பாறையைத் தட்டி, ஓசையை வைத்தே எங்கே பிளக்கும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்கள் உளியால் தோண்டிய குழிகளில் பாலைவனத்துக்கே உரிய செடிகளை நட்டார் இயற்கையியலாளர் பிரதீப் கிருஷன். இன்று அது ராவ் ஜோதா பாறைப் பூங்கா.

தங்கவயலில் அத்தகைய கை இன்னும் இருக்கிறது. எந்த மேட்டில் எந்த மில்லின் கழிவு, எது பழையது, எந்தப் பக்கம் மழையில் சரியும் என்று ஓய்வுபெற்ற தொழிலாளிக்குத் தெரியும். பெங்களூருக்கு ரயிலேறும் அவருடைய பிள்ளைக்கு உள்ளூரில் நாற்றங்கால் வேலையும் நடவு வேலையும் பத்தாண்டுக்குக் கிடைக்கும். மேட்டைக் கலைக்கும் ஒப்பந்ததாரர் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தால், இந்த ஊருக்கு மிஞ்சுவது மறுபடியும் தூசி மட்டும்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

சுரங்கத்தை மூடும் திட்டமும் அதற்கான பண உத்தரவாதமும் கொடுத்தாக வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2003-ல்தான் வந்தது. தங்கவயல் மூடப்பட்டது அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. ஒரு நூற்றாண்டு தங்கம் கொடுத்த ஊர், விதி வருமுன்பே கைவிடப்பட்டுவிட்டது.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. சுரங்கம் நின்ற பிறகு குத்தகைதாரர் தன் செலவில் நிலத்தில் திரும்பப் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் வாழத் தகுந்ததாக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல உத்தரவு. ஆனால் சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் பொருந்துவது தங்கக் கழிவுக்குப் பொருந்தாது. ஆர்சனிக் கலந்த மேட்டில் தீவனப்புல் வளர்த்தால் அது நீதிமன்றம் நினைத்ததற்கு நேர்மாறாகப் போய் முடியும். விதியை அப்படியே நகலெடுத்து ஒப்பந்தத்தில் ஒட்டும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

கலைப்பதற்கு முன் ஒவ்வொரு மேட்டின் மண்ணையும், சுற்றுவட்டாரக் கிணற்று நீரையும், வீட்டுத் தூசியையும் சோதிக்க வேண்டும். முடிவை ஆங்கில அறிக்கையாக அலமாரியில் பூட்டாமல், கன்னடத்திலும் தமிழிலும் வார்டு வாரியாக ஒட்ட வேண்டும்.

13 மேடுகளையும் ஒரே சமயத்தில் திறக்கக் கூடாது. ஒன்றைக் கலைத்து, மீதியைப் புதிய இடத்தில் கொட்டி, சரிவைச் சாய்த்து, மண் பரப்பிப் புல் வேர் பிடித்த பிறகே அடுத்ததைத் தொட அனுமதிக்க வேண்டும். காற்று மிகுந்த ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தோண்டும் வேலைக்கு விடுமுறை. இதைச் சொன்னால் நிறுவனத்துக்குக் கசக்கும். ஆனால் மற்ற எல்லா நிபந்தனைகளையும்விட ஊருக்கு உடனடியாகப் பயன்படுவது இதுதான்.

கோலாரில் நல்ல மழை செப்டம்பர், அக்டோபரில்தான். அதற்கு முன் காற்று நாற்றைச் சாய்த்துவிடும். முதல் ஆண்டு காற்று வரும் திசைக்குக் குறுக்காக முள் படல் வரிசைகளும், சரிவில் தென்னை நார் வலையும் போட்டு, அதன் மறைவில் புல்லும் கொழுஞ்சியும் விதைக்கலாம். புதர்கள் அடுத்த ஆண்டு. மரம் அதற்கும் பிறகு, புங்கன், வெப்பாலை போன்றவை. கல்மாவில் கலக்க மட்கு வேண்டும். கோலார் பட்டுப்புழுவுக்கும் தக்காளிக்கும் பெயர்போன மாவட்டம், இரண்டிலும் கழிவுக்குப் பஞ்சமில்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை தங்கத்திலேயே இருக்கிறது. எடுக்கும் தங்கத்தின் மதிப்பில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, நடவு முடிந்த நாளில் அல்லாமல், பத்தாண்டு கழித்துப் பசுமை நிற்கிறதா என்று பார்த்தே நிறுவனத்துக்குத் திருப்பித் தர வேண்டும். கனிமம் எடுப்பவரிடம் வசூலித்துப் பாதிக்கப்பட்ட ஊருக்குச் செலவிடும் மாவட்டக் கனிம அறக்கட்டளை 2015-லிருந்து சட்டத்தில் இருக்கிறது. அந்த நிதி சாலைக்கும் கட்டடத்துக்கும் போய்விடாமல், முதல் ஒதுக்கீடு இந்த மேடுகளைச் சுற்றிய லைன் வீட்டுக்காரர்களின் நுரையீரல் பரிசோதனைக்கும் நாற்றங்காலுக்கும் போக வேண்டும்.

தமிழக அரசுக்கும் இதுபோன்ற வேலை உண்டு. சேலத்தில் ரயிலில் போகும்போதே கண்ணில்படும் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்க மேடுகள் இருக்கின்றன. வெள்ளைக்கல்லைச் சுற்றியுள்ள பாறை குரோமியமும் நிக்கலும் இயல்பாகவே கலந்தது. அங்கே தானாக வளர்ந்து நிற்கும் செடிகளைக் கணக்கெடுத்து, விதை சேகரித்து வைக்கும் பொறுப்பை வனத்துறையும் பக்கத்துப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையும் இந்த ஆண்டே ஏற்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. நாலு மாணவர்களும் ஒரு விதைக் கிடங்கும் போதும்.